ஒட்டில்லாத விட்டங்கள்

தேவாலயங்களை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கிறிஸ்தவர் அல்லர். மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த என் பெரியப்பா. நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். லயத்து வீடுகளின் கதவு, ஜன்னல், பள்ளிக்கூடத்து பெஞ்சு, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் கூரைச் சட்டம், மாரியம்மன் திருவிழாவுக்கு இழுக்கும் சின்னத் தேர் என்று தோட்டத்தில் மரத்தால் ஆன எதுவும் அவர் கை படாமல் நின்றதில்லை. விடியற்காலையில் எல்லாரும் வெட்டுக்கத்தியோடு பால்வெட்டுக்குப் போக, அவர் ஒருவர் மட்டும் உளிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடப்பார்.

சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமைகளில் சில சமயம் என்னையும் பஸ்ஸில் ஏற்றி மலாக்கா டவுனுக்குக் கூட்டிப்போவார். ஆணி, கீல், உப்புத்தாள் வாங்குவதுதான் பயணத்தின் காரணம். வாங்கி முடித்ததும் கை நிறையப் பொட்டலத்தோடு ஊர் சுற்றுவோம். மற்றவர்கள் கடைத்தெருவைப் பார்ப்பார்கள். இவர் கட்டடங்களைப் பார்ப்பார். கதவு நிலையைத் தடவுவார். படிக்கட்டின் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். "முகப்பப் பார்த்து மயங்காத பாப்பா. மூட்டப் பாரு. வேலைக்காரன் கை அங்கதான் தெரியும்" என்பார்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் டச்சுச் சதுக்கத்தில் இருக்கும் கிறிஸ்து தேவாலயத்துக்குள் முதன்முறையாக நுழைந்தேன். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நான் வாசலில் தயங்கிக்கொண்டிருக்க, அவர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். பொட்டலத்தைக் கீழே வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மரம் நேராக இருக்கிறதா என்று பட்டறையில் பார்ப்பாரே, அதே பார்வையில் கூரையை அளந்தார். நெடுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கயாச்சும் ஒட்டுப் போட்டிருக்கா பாரு, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே?"

நானும் தேடினேன். ஒட்டு இல்லை. அந்தக் கூடம் 82 அடி நீளம், 42 அடி அகலம். தரையிலிருந்து கூரை 40 அடி உயரம். குறுக்கே சுவருக்குச் சுவர் போகும் ஒவ்வொரு விட்டமும் 48 அடி. ஒவ்வொன்றும் ஒரே மரத்திலிருந்து எடுத்தது, இணைப்பு கிடையாது. நடுவில் தாங்குவதற்கு ஒரு தூண்கூட இல்லை. கூடத்தின் அகலத்தைவிட விட்டம் நீளம் என்பதால், இரு முனையும் சுவருக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும் என்றார் பெரியப்பா. நடுவில் தொய்வு விழாமல் இருக்க வேண்டுமானால் மரத்தின் நெஞ்சுப் பகுதி பழுதில்லாமல் இருக்க வேண்டும், வரி முறுக்காமல் நேராக ஓட வேண்டும், அறுத்த பிறகு நிழலில் போட்டு ஆறவிட்டிருக்க வேண்டும். "அவசரப்பட்டவன் செஞ்ச வேலை இல்ல இது" என்று சொல்லிவிட்டு, தன் ஊர்க் கோயிலில் நிற்கிறவரைப் போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பீடத்தைப் பார்த்து அல்ல, விட்டத்தைப் பார்த்து.

அந்தக் கும்பிடு எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. பின்னாளில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகி, கையில் கொஞ்சம் காசும் விடுமுறையும் வந்தபோது, ஐரோப்பாவுக்குப் போய்ப் பெரிய பெரிய தேவாலயங்களைப் பார்த்து வந்த தோழிகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். வானத்தைக் குத்தும் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளும் அழகுதான். ஆனால் ஐரோப்பியர் கட்டிய பழைய தேவாலயங்களைப் பார்ப்பதற்கு ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை என்பதுதான் மலாக்காவில் பிறந்தவளாக நான் சொல்ல விரும்புவது. நம் ஊரில் இருப்பவற்றுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. திட்டம் அவர்களுடையது, மரமும் கல்லும் கையும் ஆசியாவினுடையவை.

கிறிஸ்து தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளலாம். டச்சுக்காரர்கள் 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தார்கள். அதன் நூறாம் ஆண்டு நினைவாக 1741இல் அடிக்கல் நாட்டி, 1753இல் முடித்தார்கள். பன்னிரண்டு ஆண்டு வேலை. அடியில் உள்ளூர்ச் செம்பாறைக் கல். துளைதுளையாக, கையில் தேய்த்தால் செம்மண் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கல்தான் மலாக்காவின் பழைய கட்டடங்களுக்கெல்லாம் எலும்பு. அதன்மேல் டச்சுச் செங்கல் அடுக்கினார்கள். சுவருக்குச் சீனப் பூச்சு பூசினார்கள். கூரைக்கு ஓடு டச்சு ஓடு. தரைக்குப் போட்ட கருங்கற்கள், வணிகக் கப்பல்கள் கடலில் ஆடாமல் இருக்க அடித்தளத்தில் பாரமாக ஏற்றி வந்தவை. சரக்கு ஏற்றியபின் தேவைப்படாத அந்தக் கற்களை வீணாக்காமல் தளமாகப் பாவிவிட்டார்கள். ஒரே கட்டடத்தில் இத்தனை நாட்டுப் பொருள் சேர்ந்திருக்கும்போது, அதை ஒரு நாட்டின் பெயரால் மட்டும் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சிவப்பு நிறம் அதன் சொந்த நிறம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டியபோது வெள்ளையாகத்தான் இருந்தது. 1911இல்தான் சிவப்புப் பூசினார்கள். இன்று அஞ்சல் அட்டையிலும் அலைபேசிப் படத்திலும் மலாக்கா என்றாலே அந்தச் சிவப்புதான். நானும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனாலும் வெள்ளைச் சுவரில் மாலை வெயில் விழுந்தால் அந்த முகப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் நான் அந்தச் சதுக்கத்தைக் கடந்ததில்லை. முகப்பும் முழுக்க டச்சுக்காரர் விட்டுப்போனது அல்ல. ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு ஜன்னல்களைச் சிறிதாக்கினார்கள், முன்மண்டபம் சேர்த்தார்கள். 1838இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் வந்து இதை ஆங்கிலிக்கன் ஆலயமாக அர்ப்பணித்தார். மணி மட்டும் ஆலயத்தைவிட மூத்தது. அதில் 1698 என்று ஆண்டு பொறித்திருக்கிறது.

உள்ளே இருக்கும் பெஞ்சுகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, கையால் செய்தவை. பெரியப்பா சொன்னபடி நான் முகப்பைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கண்ணாடியாக வழவழத்துக் கிடக்கிறது. அடிப்பக்கம் அப்படி இல்லை. இழைப்புளி ஓடிய பள்ளங்கள் விரலுக்கு இன்னும் தட்டுப்படுகின்றன. ஒரு தள்ளு எங்கே முடிந்தது, அடுத்த தள்ளு எங்கே தொடங்கியது என்று தொட்டே சொல்லிவிடலாம். ஓர் இடத்தில் மரத்தில் கணு வந்திருக்கிறது. அங்கே தச்சர் கையைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து இழைத்திருக்கிறார். யாரும் பார்க்கப்போகாத இடம். ஆனாலும் கணுவைப் பிசிறு இல்லாமல் அடக்கித்தான் விட்டிருக்கிறார். அவர் யார், எந்த ஊர், கூலி வாங்கியவரா அடிமையா, எதுவும் அந்தப் பலகையில் இல்லை. கை மட்டும் இருக்கிறது.

பீடத்தின்மேல் கடைசி இராவுணவுக் காட்சி, மெருகேற்றிய ஓடுகளில். பார்க்க அழகு. ஆனால் என்னை ஒவ்வொரு தடவையும் இழுப்பது தரைதான். அங்கே கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. போர்த்துகீசிய மொழியில் சில, ஆர்மேனிய மொழியில் சில. அவற்றில் ஒன்று யாக்கோபு ஷாமியர் என்ற ஆர்மேனிய இளைஞனுடையது. 1774 ஜூலை 7ஆம் நாள், இருபத்தொன்பது வயதில் மலாக்காவில் இறந்தவன். கல்லறைக் கல் பேசுகிறது. படிக்கிறவரை வணங்கி, என் மக்களுக்கு விடுதலை கிடைத்ததா, அவர்களைக் காக்க நல்லவன் ஒருவன் வந்தானா என்று செய்தி கேட்கிறது. செத்த பிறகும் நாட்டுச் சேதி கேட்கும் அந்தக் கல்லின் முன்னால், கங்காணியோடு கப்பலேறி வந்து, ஊர்க் கடிதத்துக்காகவே காத்திருந்து போய்ச் சேர்ந்த எங்கள் தோட்டத்துக் கிழவர்களை நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த யாக்கோபு யார் என்று தேடிப் படித்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. பாரசீகத்து ஜூல்பாவிலிருந்து வந்து சென்னையில் நிலைத்த பெரும் வணிகர் ஷாஹமீரின் மகன். சென்னையில் 1772இல் ஆர்மேனிய மொழிக்கு அச்சுக்கூடம் நிறுவிய குடும்பம் அது. தங்கள் நாடு விடுதலை பெற வேண்டும் என்று புத்தகம் அச்சிட்டார்கள். நம்மவர்கள் அரண்மனைக்காரத் தெரு என்று சொல்லும் சென்னை ஆர்மேனியன் தெருவில் அவர்கள் சமூகத்தின் ஆலயம் இன்னும் இருக்கிறது. அதுவும் 1772இல் எடுத்துக் கட்டியதுதான். சென்னைப் பயணம் ஒன்றில் அங்கே போனேன். முற்றத்துத் தரையெங்கும் எழுத்துப் பொறித்த கற்கள். சென்னைக்கும் மலாக்காவுக்கும் இடையில் வணிகக் கப்பல் ஓடிய அதே கடல் வழியில்தான் பின்னால் என் பாட்டனாரும் வந்தார். இங்கே 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் போட்ட பிறகு, அந்த மரங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில்.

சதுக்கத்திலிருந்து படியேறினால் பவுல் குன்று. மேலே புனித பவுல் ஆலயம்; கூரை இல்லை, நான்கு சுவர்தான். 1521இல் துவார்த்தே கொயேல்யு என்ற போர்த்துகீசியத் தளபதி அன்னை மரியாளுக்குக் கட்டிய சிற்றாலயம். பிறகு இயேசு சபையாரிடம் வந்து பெரிதானது. டச்சுக்காரர்கள் தங்கள் புது ஆலயம் எழுந்ததும் இதைக் கைவிட்டு இடுகாடாக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வெடிமருந்து சேமித்தார்கள். இத்தனைக்கும் தாக்குப்பிடித்த அந்தச் செம்பாறைச் சுவரின் கனத்தை ஜன்னல் ஓட்டையில் கை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் லயத்தில் ஒரு கத்தோலிக்க அக்கா இருந்தார். அவரோடு ஒருமுறை இங்கே வந்தேன். நடுவில் கம்பி வலை போட்டு மூடிய ஒரு பள்ளம் உண்டு. அதன் அருகே முழங்காலிட்டு, "எங்க சவேரியார் இங்கதான் இருந்தாரு" என்றார். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் இறந்த பிரான்சிஸ் சவேரியாரின் உடலை அடுத்த ஆண்டு இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்து, ஒன்பது மாதம் கழித்துக் கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். எங்க சவேரியார் என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மலாக்காவுக்கு 1545இல் வருவதற்கு முன்பே முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் நடந்து, மன்றாட்டுகளைத் தமிழில் மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தவர் அவர். மணப்பாடும் கோட்டாறும் அவரை இன்றும் மறக்கவில்லை. ஆலயத்தின் வெளியே 1952இல் வைத்த அவருடைய சிலைக்கு வலது கை இல்லை. சவுக்கு மரம் விழுந்து ஒடிந்தது என்பார்கள். அவர் உடலிலிருந்தும் வலது கையை 1614இல் எடுத்து ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள் என்பதை அறிந்தவர்கள் அந்தச் சிலைமுன் சற்று அதிக நேரம் நிற்கிறார்கள்.

எனக்கு அங்கே எல்லாவற்றையும்விடப் பெரிது, உள்சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கும் டச்சுக் கல்லறைக் கற்கள். ஆளுயரத்துக்கு மேல். கேடயம், தலைக்கவசம், அதைச் சுற்றிப் படரும் இலைக்கொடி, அடியில் மண்டையோடும் குறுக்கெலும்பும். இலை நுனி மடங்கும் இடத்தில் கல் காகிதமாக மெலிந்திருக்கிறது. மழையும் வெயிலும் இத்தனை காலம் பட்டும் விளிம்பு மழுங்கவில்லை. எழுத்துகளைக் குழியாக வெட்டாமல், சுற்றியிருக்கும் கல்லைக் குடைந்தெடுத்து எழுத்தை மேலே எழும்ப விட்டிருக்கிறார்கள் சிலவற்றில். ஓர் எழுத்து சிதறினால் கல்லையே தூக்கிப் போட வேண்டியதுதான். அப்படிப்பட்ட வேலை.

இதே வேலையைப் பல ஆண்டுகள் கழித்துப் பழவேற்காட்டில் கண்டேன். சென்னைக்கு வடக்கே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி இருந்த ஊர். அங்கே அவர்களுடைய இடுகாட்டு வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் வடித்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே போனால் வரிசை வரிசையாகக் கற்கள்: அதே கேடயம், அதே கொடி, அதே எழும்பிய எழுத்து. தெற்கே சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள்ளும் உண்டு. சோழமண்டலக் கரையில் இப்படிச் செதுக்கிய கற்களைக் கப்பலில் ஏற்றி, இன்றைய ஜகார்த்தாவான படேவியாவரை அனுப்பினார்கள் என்பது பதிவான செய்தி. கோயில் தூணில் கொடிக்கருக்கு வெட்டிப் பழகிய கை, லத்தீன் எழுத்தையும் டச்சுக் குடும்பச் சின்னத்தையும் வரைபடம் பார்த்து வெட்டியிருக்கிறது. அந்த மொழி தெரியாமலே ஓர் எழுத்துப் பிசகாமல் வெட்டியவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பவுல் குன்றின் கற்களையும் பழவேற்காட்டுக் கற்களையும் மாறி மாறிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: என் கண்ணுக்கு அவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

கை யாருடையது என்பது எழுத்தில் பதிவான இடமும் உண்டு. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம், 1856இல் தொடங்கி, 1862இல் அர்ப்பணித்தது. அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கடல் கடத்தி அனுப்பியவர்கள். உள்சுவரின் வெண்பூச்சு நம் சென்னைச் சுண்ணாம்பு வேலை. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, சுவரில் பூசி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. கைதிகளை மேற்பார்த்த மேஜர் மெக்நேர் 1899இல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பக்குவம் முழுவதும் இருக்கிறது. பக்குவம் இருக்கிறது, பூசியவர்களின் பெயர்கள் இல்லை. அந்தப் பேராலயத்துக்குள் போகும்போதெல்லாம் நான் தூணில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் வருவேன்.

மலாக்காவுக்கே திரும்புகிறேன். இராயப்பர் கோயில் என்று நம்மவர்கள் சொல்லும் செயின்ட் பீட்டர்ஸ், 1710இல் கட்டியது. இந்த நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்க ஆலயங்களில் மிகப் பழையது. டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கர்கள் ஒளிந்து ஒளிந்து ஜெபித்த காலம் போய், ஐரோப்பாவில் போர்த்துகலும் ஹாலந்தும் ஒரே அணியில் நின்றபோது பிடி தளர்ந்தது. கத்தோலிக்கரான ஒரு டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் எழுந்த ஆலயம். மணி அதைவிட நூறாண்டு மூத்தது: 1608இல் கோவாவில் வார்த்தது. மணி வார்ப்பது கல்லும் மரமும் போல அல்ல. அச்சில் ஈரம் இருந்தாலும் போச்சு, செம்பும் வெள்ளீயமும் கலக்கும் அளவு தப்பினாலும் போச்சு. ஊற்றி ஆறிய பிறகு திருத்த முடியாது. நானூறு ஆண்டுக்கு மேல் அடிபட்டும் விரிசல் விடாத குரல் அதற்கு.

பெரிய வெள்ளி அன்று அங்கே போக வேண்டும். தோட்டங்களிலிருந்து தமிழர்கள், ஊஜோங் பாசிர் பக்கத்துப் போர்த்துகீசியக் குடியிருப்பு மக்கள், சீனர்கள் என்று வளாகம் கொள்ளாது. இறந்த ஆண்டவரின் ஆளுயரச் சுரூபத்தைத் தோளில் சுமந்து வருவார்கள். சுற்றி ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி. லயத்து அக்கா வருடம் தவறாமல் போவார். மெழுகு சொட்டிய அவர் சேலைத் தலைப்பை மறுநாள் தாள் வைத்து இஸ்திரி போட்டு எடுக்க நான்தான் உதவுவேன்.

ஆற்றோரமாக நிற்கும் சவேரியார் ஆலயம் பிரெஞ்சு மறைபோதகர் ஃபாவ்ரே 1849இல் தொடங்கியது. இரட்டைக் கோபுரம், கூர்வளைவு ஜன்னல்கள்; பிரான்சின் மோன்பெலியே பேராலயத்தைப் பார்த்து அமைத்ததாகச் சொல்வார்கள். மண் இளகி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. தமிழில் திருப்பலி கேட்க வேண்டுமென்றால் இங்கே வரலாம். கட்டடமாக எனக்கு மற்றவைதான் பிடிக்கும். இதில் பாட்டு பிடிக்கும்.

பெரியப்பாவுக்கு எந்த ஆலயம் பார்த்தாலும் கடைசியில் தங்கக்காரத் தெருவுக்குப் போய்ப் பொய்யாத விநாயகரைக் கும்பிட்டால்தான் ஊர் திரும்ப மனம் வரும். அதுவும் டச்சுக்காரர் காலத்து நிலம்தான். 1781இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய கோயில். கிறிஸ்து தேவாலயம் முடிந்து இருபத்தெட்டு ஆண்டுகளில். "அங்க வேல பார்த்த ஆளுங்க மக்க இங்க வேல பார்த்திருப்பாங்க" என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஆதாரம் கேட்டால் கோபம் வரும்.

தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு துண்டாடப்பட்டு, லயங்கள் போய்விட்டன. அவர் செய்த சட்டங்கள் எதுவும் இப்போது இல்லை; புகைக்கூடம் இடித்த அன்று அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நான் பள்ளி வேலையில் இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளை இந்த ஆலயங்களுக்குக் கூட்டிவந்தேன். இந்துப் பிள்ளைகளை ஏன் கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்ட பெற்றோரிடம், கணக்குப் பாடத்துக்கு என்றேன். உண்மையும் அதுதான். கிறிஸ்து தேவாலயத்துக்குள் அவர்கள் முழம் போட்டு அகலத்தை அளப்பார்கள். விட்டத்தின் நீளம் 48 அடி என்று சொல்வேன். ஓர் அடிக்கு ஓர் அடி கனம் என்று வைத்துக்கொண்டு, செங்கால் என்ற நம் ஊர் வன்மரம் அளவு கனமான மரமென்றால் என்ன எடை வரும் என்று போடச் சொல்வேன். ஒரு டன்னைத் தாண்டும். விடை வந்ததும் எல்லாரும் தானாக மேலே பார்ப்பார்கள்.

கடைசியாகக் கூட்டிவந்த வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "கிரேன் இல்லாம எப்படி டீச்சர் மேல ஏத்துனாங்க?"

பெரியப்பா புகைக்கூடத்து விட்டத்தை ஏற்றிய விதத்தைச் சொன்னேன். இரண்டு நெடுங்கம்பங்களின் தலையைச் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி நிறுத்துவார். முன்னும் பின்னும் இழுவைக் கயிறு. தலையில் கப்பி, கீழே கயிறு சுற்றும் உருளை. ஒரு முனை சுவருக்கு ஏறி உட்கார்ந்த பிறகுதான் மறுமுனையைத் தொடுவார். துறைமுகத்தில் பாய்மரம் நிறுத்துகிறவர்களும் அப்படித்தான் செய்தார்கள். மலாக்கா துறைமுக ஊர், தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது என்றேன்.

"அவ்ளோ கனம் தாங்குற கயிற யாரு டீச்சர் திரிச்சது?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். பெஞ்சில் உட்கார்ந்து, தென்னை நாரை ஊறவைத்து அடித்துத் திரிக்கும் விதத்தையும், மலபாரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கயிறு கப்பலேறிய கதையையும் சொல்லத் தொடங்கினேன். பஸ்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.